கடலோரத்தில் ஒரு கோடை

கோடை விடுமுறை என்ற சொல்லைக் கேட்ட அளவில் மாணவர் உள்ளம் துள்ளுதல் இயல்பே. பாட்டன் பாட்டியர் வாழும் ஊருக்குச் செல்லுதலும், மாந்தோப்பில் திரிதலும், கிணற்றில் குதித்து நீந்துதலும் அப்பருவத்திற்குரிய இன்பங்கள். அவற்றைக் குறைகூற யான் முற்படவில்லை. யானும் அங்ஙனம் திரிந்தவனே. ஆயினும், வீட்டையும் ஊரையும் விட்டுத் தொலைவிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் தங்கிக் கோடையைக் கழித்த இளைஞர் இருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில் மெயின் என்னும் மாநிலம் உளது. அதன் கடலோரத்தே மவுண்ட் டெசர்ட் என்னும் தீவும், அத்தீவிலே பார் ஹார்பர் என்னும் சிற்றூரும் உள்ளன. மெயின் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பார், 1924-ஆம் ஆண்டுக் கோடையில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்று உயிரியல் பயிற்றினார். பின்னர் 1929-இல் அவரே அவ்வூரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். புற்றுநோய் எவ்வாறு தோன்றுகிறது, அது மரபுவழி வருவதா என்று ஆராய்தலே அக்கூடத்தின் முதன்மை நோக்கம். அதற்கு அவர் தேர்ந்த கருவி சுண்டெலி.

எலிகளை வைத்து ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு மருந்தைப் பத்து எலிகளுக்குக் கொடுத்து, ஐந்து பிழைத்து ஐந்து மாண்டால், அவ்வேறுபாடு மருந்தால் வந்ததா, எலிகளின் பிறப்பியல்பால் வந்ததா என்று எங்ஙனம் அறிவது? ஆதலின், உடன்பிறந்த எலிகளையே இணைசேர்த்து, அவை ஈனும் குட்டிகளுள்ளும் உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து, இவ்வாறே 20 தலைமுறை வரையில் வளர்ப்பர். அதன்பின் அவ்வினத்து எலிகள் யாவும் ஒரு கருவில் பிறந்த இரட்டையர் போல ஏறத்தாழ ஒரே தன்மையுடையன ஆகும்.

1947-ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தீவைப் பற்றிய காட்டுத்தீ, இத்தகைய எலிகளையும் ஆய்வுக்கூடத்தையும் ஒருங்கே விழுங்கியது. பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் சாம்பலாயிற்று. எனினும், முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றுச் சென்ற பிற ஆய்வுக்கூடத்தார் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பினர். அவற்றைக் கொண்டே இனங்கள் மீண்டும் தழைத்தன. ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. தன் வீட்டுச் சுவடியைப் பிறர் படியெடுத்துக்கொள்ள இசைந்தவன் அதனை இழந்தாலும் நூலை இழப்பதில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியவனோ செல்லுக்கு இரையாக்குகிறான்.

அத்தீ அணைந்து இரண்டாண்டு கழிந்த பின், 1949-ஆம் ஆண்டுக் கோடையில், பிலடெல்பியா நகரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பார் ஹார்பருக்கு வந்தான். அவன் பெயர் ஹோவர்ட் டெமின். அங்கு நடைபெற்ற கோடைப் பயிற்சி நம் பள்ளிகளின் செய்முறை வகுப்புப் போன்றதன்று. செய்முறை வகுப்பில் விடை முன்னரே ஆசிரியரின் குறிப்பேட்டில் இருக்கும்; அதனோடு ஒத்துவரும்படி மாணவன் எழுதுவான். (ஒத்துவராவிடில் அண்டையில் இருப்பவனைப் பார்த்து எழுதுவதும் உண்டு, அதனை யான் அறியாதவன் அல்லன்.) பார் ஹார்பரிலோ, ஆராய்ச்சியாளர் ஒருவரின் கீழ் அமர்ந்து, இன்னும் விடை காணப்படாத வினாவோடு மாணவர் முயலவேண்டும். பகலெல்லாம் உடனிருந்து உழைத்தவர் இரவிலும் ஒரே கூரையின்கீழ் உறைந்தமையால், உண்ணும்போதும் உலாவும்போதும் அவ்வினாவே பேச்சாகும். ஆசிரியர் வீட்டிலேயே தங்கி இலக்கணம் பயின்றவன் ஆதலின், உடனுறைந்து கற்றலின் பயனை யான் ஒருவாறு உணர்வேன்.

டெமின் 1952 வரையில் கோடைதோறும் வந்தான். 1955-இல் கல்லூரிப் படிப்பை முடித்த இருபது வயது இளைஞராக மீண்டும் அங்கு வந்தபோது, திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் போல இளையோர்க்கு வழிகாட்டும் நிலையை எய்தியிருந்தார். அவ்வாண்டு வந்த பள்ளி மாணவருள் நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் பால்டிமோர் என்னும் பதினேழு வயதினரும் ஒருவர். ஆய்வு என்பது மேதைகளுக்கே உரியது, தம்மை ஒத்தவர்க்கு எட்டாதது என்னும் தயக்கம் அக்கோடையோடு அவரை விட்டு அகன்றது போலும். மறு ஆண்டு கல்லூரியில் சேர்ந்த அவர் முதலில் உயிரியலையே தம் பாடமாகக் கொண்டார். அது டெமின் பயின்ற சுவார்த்மோர் கல்லூரியே ஆகும்.

இனி, அவர்கள் கண்டறிந்தது யாது என்பதைக் கூறவேண்டும். நம் உடலின் உயிரணுக்களுள் ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு உளது. உடல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் செய்தி அதன்கண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அம்மூல ஏட்டைப் பார்த்து, வேண்டிய பகுதியை மட்டும் எழுதிக்கொள்ளும் படியே ஆர்.என்.ஏ. என்பது. அப்படியைப் படித்து உயிரணு புரதங்களை ஆக்கும். மூலத்திலிருந்து படி தோன்றும். படியிலிருந்து மூலம் தோன்றாது என்றே அந்நாளைய அறிஞர் பெரும்பாலோர் கருதினர்.

கோழிகளுக்குக் கழலை உண்டாக்கும் வைரஸ் ஒன்றினைப் பெய்டன் ரவுஸ் என்னும் அறிஞர் 1911-இல் கண்டறிந்திருந்தார். அதன்கண் டி.என்.ஏ. இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே உண்டு. ஆயினும், அது புகுந்த உயிரணு நிலையாகத் தன் இயல்பு திரிகின்றது. அவ்வணு பிளந்து பெருகுந்தோறும் அத்திரிபு வழிவழி இறங்குகின்றது. படியை மட்டும் கையில் கொண்டு வந்த விருந்தாளி, வீட்டு மூல ஏட்டையே எவ்வாறு மாற்றினான்? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்த டெமின் இவ்வினாவைப் பற்றிக்கொண்டார். டி.என்.ஏ.வைப் படியெடுக்க இயலாதவாறு தடுக்கும் மருந்தொன்றை இட்டபோது, அவ்வைரஸின் பெருக்கமும் நின்றுபோவதை அவர் கண்டார். எனவே, வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு டி.என்.ஏ. ஒன்றை ஆக்கி, அதனை உயிரணுவின் மூல ஏட்டினுள் செருகுகின்றது என்று 1964-இல் உரைத்தார்.

ஏற்பார் மிகச் சிலரே. ஆறாண்டுகள் அக்கருத்து ஐயத்திற்கே இடமாயிருந்தது. அவர்க்கு முதலில் கிடைத்த ஆய்வுக்கூடமோ கட்டடத்தின் நிலவறை. ஓர் அறையில் கழிவுநீர்க் குழி, மற்றோர் அறையில் கட்டடம் முழுவதற்குமான நீராவிக் குழாய்கள். மறுத்தவரையும் பழித்தல் தகாது; அவர் காட்டிய சான்று அப்பொழுது போதியதன்று. தாம் மெய்யெனத் தெளிந்ததைப் பிறர் தெளியும்வரை வேறு வேறு வழியில் சோதித்துக்கொண்டே இருத்தல் ஒன்றே அவர்க்கு எஞ்சிய வழி.

1970-இல் முடிச்சு அவிழ்ந்தது. டெமினும் அவருடன் பணியாற்றிய சதோஷி மிசுதானியும் ரவுஸ் வைரஸின் மேலுறையைச் சிதைத்து, டி.என்.ஏ.வை ஆக்கும் சிறு கூறுகளை அதனோடு கலந்தனர். அக்கூறுகள் கோவையாகி டி.என்.ஏ. விளைந்தது. ஆர்.என்.ஏ.வை முன்னரே அழித்துவிட்டாலோ ஒன்றும் விளையவில்லை. படியைக் கொண்டு மூலத்தை எழுதும் நொதி அவ்வைரஸினுள்ளேயே இருந்தது! அதே காலத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த பால்டிமோரும், எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் விளைக்கும் வைரஸ் ஒன்றில் அந்நொதியைத் தனித்து நின்று கண்டார். இருவர் கட்டுரைகளும் நேச்சர் இதழின் 1970 ஜூன் 27 வெளியீட்டில் ஒருங்கே வந்தன. பதினைந்தாண்டுகளுக்கு முன் ஒரு தீவில் கூடியிருந்த சட்டாம்பிள்ளையும் மாணாக்கரும் ஒரே முடிவை இரு வழியால் எய்தியமை காண்க.

அந்நொதியை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்பர். பின்னோக்கிப் படியெடுக்கும் நொதி என்று நாம் கூறலாம். இன்று உயிரித் தொழில்நுட்பத்தில் அதற்குள்ள இடம் பெரிது. மனித உயிரணுவின் ஆர்.என்.ஏ.வை எடுத்து, அந்நொதியால் அதனை டி.என்.ஏ.வாக மாற்றி, நுண்ணுயிர்களுள் புகுத்தி, மருந்தாகும் புரதங்களை விளைவிக்கின்றனர். 1983-இல் கண்டறியப்பட்ட எய்ட்ஸ் நோயின் வைரஸும் இவ்வகையினதே; 1987-இல் அதற்கு முதன்முதல் வழங்கிய மருந்து இந்நொதியைத் தடுப்பதே. 2020-இல் கொரோனா பரவியபோது நம் மூக்கினுள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தனர் அல்லவா? அவ்வாறு எடுத்த சளியிலுள்ள வைரஸின் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றியதும் இவ்வகை நொதியே. ஆர்.டி.பி.சி.ஆர். என்று தெருவெங்கும் பேசப்பட்ட சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் அம்மாற்றத்தைக் குறிப்பன.

1975-ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசினை டெமினும் பால்டிமோரும், அவர்க்கு முன்னோடியாகிய ரெனாட்டோ டல்பெக்கோவும் பகிர்ந்து பெற்றனர். பரிசு வழங்கும் டிசம்பர் 10-ஆம் நாளே டெமின் பிறந்த நாள். அன்று அவர்க்கு வயது நாற்பத்தொன்று நிறைந்தது. புகைப்பதை விட்டொழித்தாலே புற்றுநோயில் பெரும்பகுதியைத் தடுக்கலாமாகவும், மக்கள் அதனைச் செய்யாதிருத்தல் தமக்குச் சினமூட்டுகிறது என்னும் கருத்தை அவர் அவ்விழாவின்போது வெளியிட்டார். பாராட்டுரையை எதிர்நோக்கி இருந்தோர்க்கு அது சற்றுக் கசந்திருக்கலாம். புகைக்கும் வழக்கமே இல்லாத டெமின், நுரையீரலில் தோன்றிய புற்றுநோயால் 1994 பிப்ரவரியில் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அதற்கு முன்னைய ஆண்டுகளிலும் அவர் தம் மாணாக்கரோடு ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார்.