பத்து மின்வாய்கள், பன்னிரண்டு பார்வைகள்

கிரிக்கெட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காண்போர், ஒரே பந்தைப் பல கோணங்களிலிருந்து காண்கின்றனர். ஒரு கோணத்தில் மறைந்தது மற்றொரு கோணத்தில் தெளிவாகிறது. மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.சி.ஜி. என்னும் இதய மின்பதிவும் இத்தகையதே. இதயம் ஒன்று, அதனை நோக்கும் பார்வைகளோ பன்னிரண்டு.

இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பகுதியில் மின்தூண்டல் தோன்றி, தசைகளின் வழியே கீழ்நோக்கிப் பரவுகிறது. தோலின் மேல் அளந்தால் அதன் வலிமை ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கே. இத்துணை மெல்லிய மின்னோட்டத்தைப் பிடிப்பது எளிதன்று. 1887ஆம் ஆண்டு இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்பதிவை முதலில் எடுத்தார். அவர் தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கிண்ணங்களில் நிறுத்தியும் இச்சோதனையைச் செய்து காட்டினார். நாய் துன்புறுத்தப்பட்டதோ என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியும் எழுந்தது! ஜிம்மிக்கு நேர்ந்ததெல்லாம் கால் நனைந்தது மட்டுமே.

நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் இன்னும் நுண்ணிய கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்க ஐவர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைத்திருப்பார். இம்மூன்று உறுப்புகளையும் முக்கோணத்தின் மூன்று முனைகளாகக் கொண்டு, இரண்டிரண்டு முனைகளுக்கு இடையே ஐந்தோவன் மின்னழுத்தத்தை அளந்தார். இப்பணிக்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

சாடிகளின் இடத்தில் இன்று சிறு மின்வாய்கள் வந்துவிட்டன. கைகால்களில் நான்கு, மார்பில் ஆறு, ஆகப் பத்து. பத்திலிருந்து பன்னிரண்டு எவ்வாறு கிடைக்கும்? ‘லீடு’ என்பது கம்பியைக் குறிப்பதன்று. இதயத்தை ஒரு திசையிலிருந்து நோக்கும் பார்வையையே குறிக்கும். இரு கைகளும் இடக்காலும் ஆறு பார்வைகளைத் தருகின்றன. மார்பின் மின்வாய்கள் ஆளுக்கொன்றாக ஆறு தருகின்றன. வலக்கால் எப்பார்வையையும் தருவதில்லை. பதிவில் இரைச்சல் புகாமல் காப்பதே அதன் பணி.

மார்பில் வைக்க வேண்டிய இடங்களைப் பிரிட்டிஷ், அமெரிக்க இதய மருத்துவர் அமைப்புகள் 1938இல் வரையறுத்தன. அவற்றைக் கண்ணால் மதிப்பிடலாகாது. விரலால் எண்ணியே அறிதல் வேண்டும். தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின்மேல் விரலைக் கீழே நகர்த்தினால் ஒரு மேடு தட்டுப்படும். அங்கேதான் இரண்டாம் விலா எலும்பு வந்து சேர்கிறது. அதன் கீழுள்ள பள்ளம் இரண்டாம் விலா இடைவெளி. இன்னும் இரண்டு இடைவெளிகள் இறங்கினால் நான்காவது. அங்கே மார்பெலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. அடுத்து வி3 அன்று, வி4! இடக் காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாம் இடைவெளியில் அதனை வைத்த பின்னரே வி2க்கும் வி4க்கும் நடுவே வி3 வைக்கப்படும். வி5, வி6 இரண்டும் வி4இன் மட்டத்திலேயே அக்குளை நோக்கிச் செல்லும்.

எண்ணாமல் வைத்தால் என்ன? வி1, வி2 இரண்டும் ஓரிரு இடைவெளிகள் மேலே ஏறிவிட்டால், நலமான இதயத்திலும் முன்பே மாரடைப்பு நேர்ந்தது போன்ற தோற்றம் உண்டாகலாம். நலமாக உள்ளவர் நோயாளியாகக் கருதப்பட்டு, வேண்டாத சோதனைகளுக்கு ஆளாக நேரும்.

இரு கைகளின் கம்பிகள் இடம் மாறினாலோ முதல் லீடின் அலைகள் தலைகீழாகின்றன. இதயம் வலப்பக்கம் அமைந்த அரிய மனிதரிடமும் முதல் லீடு இவ்வாறே தோன்றும். எனவே தேர்ந்த மருத்துவர் உடனே மார்பு லீடுகளை நோக்குவார். அவை வழக்கம்போல் இருந்தால் தவறு கம்பியில். வி6 வரை அலைகள் சிறுத்துக்கொண்டே சென்றால் இதயமே வலப்பக்கம் இருக்கலாம். முதல் ஐயம் கம்பியின் மீதே விழும். மின்வாய்களைச் சரிபார்த்து மீண்டும் ஒரு பதிவு எடுக்கச் சில நிமிடங்களே போதும்.

பயிற்சி
1. வலக்கால் மின்வாயின் பணி யாது?
2. வி3க்கு முன்னர் வி4 வைக்கப்படுவது ஏன்?
3. நான்காம் விலா இடைவெளியைக் கண்டறியும் முறையைச் சொந்த நடையில் எழுதுக.