வடிவியல் தொடங்கும் முன் ஒரு வாரம்



பெல் அடிக்க நேரம் இருந்தால் நின்று படியுங்கள். கையில் பென்சிலும் ரஃப் நோட்டும் இருந்தால் ரொம்ப நல்லது. நேரமில்லை என்பவர்கள் கடைசியில் உள்ள மயில் கணக்கை மட்டும் குறித்துக்கொண்டு ஓடலாம்.

வரும் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் பாடம் தொடங்குகிறது. "அப்பாடா, இயற்கணிதம் ஒழிஞ்சுது, இனிமே படம் வரைஞ்சாப் போதும்"னு நேற்று தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ரெண்டு பேர் பேசிக்கிட்டதைக் கேட்டேன். போன வருஷம் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 100க்கு 41. கையெழுத்துப் போட பேனாவைத் திறந்த அப்பா, ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். திட்டவில்லை. "ப்ளஸ் ஒன்னுல கணக்கு குரூப்தான் எடுப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தியே, யோசிச்சுக்கோ"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு ராத்திரி விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு மை பட்ட இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வடிவியல் எனக்கு மண்டையில் ஏறவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தால் படம் சரி, தேற்றம் சரி, முதலில் எழுதிய சமன்பாடும் சரி. அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் சிவப்பு! வடிவியலில் போன 20 மார்க்கில் 14 மார்க், மைனஸ் குறியிலும் அடைப்புக்குறியிலும் வர்க்கத்திலும் போயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். 'முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°' என்பது வடிவியல். அது ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு விடை வரும்வரை உள்ள ஐந்தாறு வரியும் இயற்கணிதம்தான்.

இனி கணக்குக்குப் போவோம். எக்ஸ் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்பவர்கள் நம்ம ஸ்கூலில் நிறையப் பேர். அதனால் இந்தத் தாளில் தெரியாத எண்ணுக்கு 'க' என்று பெயர் வைத்துவிட்டேன். எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு மாறாது.

முதலில் சுலபமானது. ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இரண்டு கோணங்கள். ஒன்று (3க + 10)°, இன்னொன்று (2க − 5)°. இரண்டும் சேர்ந்தால் 180°.

3க + 10 + 2க − 5 = 180
5க + 5 = 180
5க = 175

இந்த இடத்தில் போன வருஷம் நான் க = 170 என்று எழுதினேன்! 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்திருந்தேன் அல்லவா, 5 அந்தப் பக்கம் போய் −5 ஆகிவிட்டது. உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. மளிகைக் கடைத் தராசு மாதிரி, இரண்டு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்கிறோம், அவ்வளவுதான். 5க + 5 என்பதில் 5 கூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே இரண்டு பக்கமும் 5ஐக் கழிக்கிறோம். 5க என்பதில் 5 பெருக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இரண்டு பக்கமும் 5ஆல் வகுக்கிறோம். க = 35.

முடிஞ்சுதா? இல்லை. கேட்டது கோணத்தை. 3 × 35 + 10 = 115°, 2 × 35 − 5 = 65°. க = 35 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர்.

அடுத்தது என்னை வீழ்த்திய கணக்கு. ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் (2க + 10)°, (3க − 20)°. மூன்றாவது கோணம் 65°. மூன்றையும் காண்க. நான் எழுதியது இப்படி:

180 − (2க + 10) − (3க − 20) = 65
180 − 2க + 10 − 3க − 20 = 65
170 − 5க = 65
5க = 105, க = 21

முதல் வரி சரி. இரண்டாவது வரியில் அடைப்புக்குறியை எடுத்தபோது மைனஸை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றதை அம்போ என்று விட்டுவிட்டேன். அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள மைனஸ் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சொந்தம். +10 என்பது −10 ஆக வேண்டும். −20 என்பது +20 ஆக வேண்டும்.

180 − 2க − 10 − 3க + 20 = 65
190 − 5க = 65
5க = 125, க = 25

கோணங்கள் 60°, 55°, 65°. கூட்டினால் 180°. இப்போது என் தப்பு விடையைக் கூட்டிப் பாருங்கள். க = 21 என்றால் 52°, 43°, 65°. கூடுதல் 160°! உலகத்தில் எந்த முக்கோணத்துக்கு 160° இருக்கிறது? அரை நிமிஷம் கூட்டிப் பார்த்திருந்தால் பரீட்சை ஹாலிலேயே மாட்டியிருக்கும். வடிவியலில் இது ஒரு வசதி. வெறும் இயற்கணிதக் கணக்கில் தப்பு விடை பேசாமல் உட்கார்ந்திருக்கும். வடிவியலில் படமே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நாம் திரும்பிப் பார்க்க வேண்டுமே!

இப்போது வர்க்கம். இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிதாகரஸ் தேற்றம் வந்தாலே இது வரும்.

பாஸ்கரர் 1150இல் எழுதிய 'லீலாவதி' என்ற கணித நூலில் ஒரு தாமரைக் கணக்கு இருக்கிறது. குளத்தில் ஒரு தாமரை மொட்டு, தண்ணீருக்கு மேலே அரை முழம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. காற்று அடித்து மொட்டு சாய்கிறது. சாய்ந்து சாய்ந்து, 2 முழம் தள்ளித் தண்ணீரில் மூழ்குகிறது. குளத்தின் ஆழம் என்ன?

அரை முழம் என்றால் நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சாண். எல்லாவற்றையும் சாணிலேயே வைத்துக்கொண்டால் பின்னம் வராது. ஆழம் க சாண். தண்டின் முழு நீளம் க + 1 சாண். மொட்டு தள்ளிப் போனது 4 சாண். ஆழம் ஒரு பக்கம், தள்ளிப் போன தூரம் இன்னொரு பக்கம், சாய்ந்த தண்டு கர்ணம். செங்கோண முக்கோணம் ரெடி.

க² + 4² = (க + 1)²

வடிவியல் இதோடு முடிந்தது. இங்கே என் நண்பன் ஒருவன் (பெயர் சொன்னால் அடிப்பான்) (க + 1)² = க² + 1 என்று எழுதினான். அப்புறம் க² + 16 = க² + 1. இரண்டு பக்கமும் க²ஐ நீக்கினால் 16 = 1. குளத்தையே காணோம்!

(க + 1)² ஏன் க² + 1 இல்லை என்பதை வாய்பாடாகப் படிக்காதீர்கள், ஒரு சதுரத் தாளை எடுங்கள். ஒரு ஓரத்தை ஒட்டி ஒரு விரல் அகலம் மடியுங்கள். தாளைப் பக்கவாட்டில் திருப்பி, அடுத்த ஓரத்தையும் அதே அகலம் மடித்து, இரண்டையும் பிரியுங்கள். நான்கு துண்டு தெரியும். ஒரு பெரிய சதுரம், மூலையில் ஒரு சின்னச் சதுரம், கூடவே இரண்டு நீளமான செவ்வகங்கள். க² என்பது பெரிய சதுரம், 1 என்பது மூலைச் சதுரம். அந்த இரண்டு செவ்வகமும் எங்கே போச்சு? அதுதான் நடுவில் வரும் 2க. ஏறத்தாழ கி.மு. 300இல் யூக்ளிட் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலின் இரண்டாம் புத்தகத்தில் நான்காவது தேற்றமே இதுதான். நாம் முற்றொருமை என்று இயற்கணிதத்தில் படிப்பதை அவர் கோட்டையும் சதுரத்தையும் வைத்தே நிரூபித்துவிட்டார்.

க² + 16 = க² + 2க + 1
2க = 15
க = 7½ சாண், அதாவது 3¾ முழம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு: √(30² + 40²) = 30 + 40 = 70 என்று எழுதுவது. 30 மீட்டருக்கு 40 மீட்டர் செவ்வக மைதானம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லேட்டாக வரும் நாளில் ஓரமாகச் சுற்றியா ஓடுவீர்கள், குறுக்கே ஓடுவீர்களா? சுற்றினால் 70, குறுக்கே 50. இரண்டும் ஒண்ணுன்னா யாருமே குறுக்கே ஓட மாட்டாங்களே!

பத்தாம் வகுப்புக்கு வந்தால் தேல்ஸ் தேற்றம் வரும். அதில் பக்கங்களின் விகிதம் சமம் என்று ஒரு வரி கிடைக்கும். உதாரணமாக

க / (க − 3) = (க + 4) / க

மேலேயும் க, கீழேயும் க என்று உடனே அடிக்கக் கை வரும். அடிக்காதீர்கள். பெருக்கலாக இருந்தால்தான் அடிக்கலாம், கழித்தலில் உள்ளதை அடிக்க முடியாது. குறுக்குப் பெருக்கல் செய்தால் க² = (க + 4)(க − 3) = க² + க − 12. ஆகவே க = 12. சரிபார்க்க: 12/9, 16/12, இரண்டுமே 4/3.

காரணிப்படுத்துதலை விட்டுவிட முடியாது. செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் க, க + 7, கர்ணம் 13 என்றால் க² + 7க − 60 = 0 வரை வந்துவிடுவீர்கள். (க + 12)(க − 5) = 0. நீளம் மைனஸில் இருக்காது, ஆகவே க = 5, பக்கங்கள் 5, 12, 13. ஒரு எச்சரிக்கை: மைனஸ் வந்தாலே தூக்கிப் போடு என்று பழகிவிடாதீர்கள். மைனஸாக இருக்கக் கூடாதது பக்கத்தின் நீளம்தான். பக்கம் (க + 20) என்று கொடுத்திருந்தால் க = −12 வந்தாலும் பக்கம் 8தான், தாராளமாக இருக்கலாம். நான் இதிலும் ஒரு மார்க் விட்டிருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்றால், என் தங்கையின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். "ஒன்பதாவது படிக்கிறவனுக்கு எட்டாவது புக்கா?"ன்னு அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பரவாயில்லை. ஒரு வாரம், தினமும் சாயங்காலம் பத்துக் கணக்கு. முதல் இரண்டு நாள் அடைப்புக்குறி மட்டும், மூன்றாம் நாள் சமன்பாடு, அப்புறம் வர்க்கம், பின்னம், காரணி. ஒவ்வொரு விடையையும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். பத்துக் கணக்கு போட 40 நிமிஷம் ஆனது வாரக் கடைசியில் 20 நிமிஷத்தில் முடிந்தது. முழு ஆண்டுத் தேர்வில் 67 வாங்கினேன். பெரிய மார்க் இல்லைதான். அப்பா கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடவில்லை.

சரி, மயில் கணக்கு. இதுவும் லீலாவதிதான். 9 முழ உயரத் தூண் ஒன்று. தூணின் அடியில் பாம்புப் பொந்து, உச்சியில் ஒரு மயில். தூணிலிருந்து 27 முழத் தொலைவில் ஒரு பாம்பு, பொந்தை நோக்கி நேராக வருகிறது. மயில் சாய்வாக, நேர்கோட்டில் பாய்ந்து அதைப் பிடித்துவிடுகிறது. பாம்பு வந்த தூரமும் மயில் பாய்ந்த தூரமும் சமம். பொந்துக்கு எத்தனை முழம் முன்னால் பாம்பு மாட்டியது?

அந்தத் தூரத்தை க என்று வைத்துக்கொள்ளுங்கள், பாம்பு வந்தது (27 − க). படம் வரைந்தால் சமன்பாடு தானாக வரும். வர்க்கத்தை விரிக்கும்போது நடுவில் வருவதை மறக்காதீர்கள். விடையை எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, இந்த வாரத்துக்குள் என்னிடம் கொடுங்கள். சரியாகச் செய்தவர்கள் பெயர் அடுத்த தாளில் வரும். ஆறாம் வகுப்புத் தம்பிகளும் முயற்சி செய்யலாம், ஆனால் அண்ணன்களிடம் கேட்டு எழுதக் கூடாது!