பெற்றோரை வாசலில் நிறுத்திய காலம்

ஆட்டிசம் மையத்தை நடத்துவது நிபுணர் வேலை, பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப் போனால் போதும் என்ற எண்ணம் பலருக்கு இன்றும் உண்டு. அந்த எண்ணம் எதுவரை போகும் என்பதற்கு சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் சாட்சி. தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1967-இல் அவர் புத்தகமே எழுதினார். குற்றவாளியாக்கப்பட்டவரிடம் யார் ஆலோசனை கேட்பார்கள்? பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றானது. இத்தனைக்கும், ஆட்டிசத்தின் காரணம் உடற்கூற்றில் இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள சிறுவனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே எழுதியிருந்தார்.

அதே சிகாகோவில் படித்த எரிக் ஷாப்ளர் நேரெதிர்த் திசையில் நடந்தார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பெற்றோரை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து, பிள்ளையுடன் சிகிச்சையாளர் வேலை செய்வதைப் பார்க்க வைத்தார். வீட்டில் பழக்கியதை அடுத்த சந்திப்பில் பெற்றோர் செய்து காட்டுவார்கள். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர். பெற்றோரை இணைச் சிகிச்சையாளர்கள் என்றே ஷாப்ளர் அழைத்தார். இது வெறும் பெருந்தன்மையல்ல. ஆய்வு நிதியோடு முடிந்துபோயிருக்கக்கூடிய முயற்சிக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் போய் வாதாடியது அந்தப் பெற்றோர்தான். 1972-இல் அது ‘டீச்’ என்ற பெயரில் மாநிலம் தழுவிய அரசுத் திட்டமானது.

பெரிய பட்டம் இருந்தால்தான் தலைமை தாங்க முடியும் என்பது இன்னொரு நம்பிக்கை. லண்டனில் சிபில் எல்கர் மான்டிசோரி முறையை அஞ்சல் வழியில் கற்றவர்; வீட்டின் அடித்தளத்தில் சில பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1965-இல் ஈலிங்கில் பெற்றோர் சங்கம் திறந்த பள்ளிக்கு அவரே தலைமையாசிரியர். பிள்ளைகள் வளர்ந்தார்கள், பள்ளி முடிந்தபின் எங்கே போவது? 1974-இல் பெரியவர்களுக்கான ‘சாமர்செட் கோர்ட்’ இல்லம் வந்தது. பல மையங்களின் திட்டம் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது என்பதை நினைத்தால், எல்கரின் தொலைநோக்கு புரியும்.

ஆட்டிசம் உள்ளவர் நிர்வாகத்தில் உட்கார முடியாதா? 2007-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்று வெளியிட்டது. ‘உங்கள் மகன் எங்கள் பிடியில்’ என்று ஆட்டிசமே கடத்தல்காரனாகி எழுதும் மிரட்டல் கடிதம் அது. ஆட்டிசம் உள்ள ஒருவரிடம் முன்கூட்டியே காட்டியிருந்தால் அச்சுக்கே போயிருக்காது. முந்தைய ஆண்டுதான் தன்னைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்காக அமைப்பு தொடங்கியிருந்த கல்லூரி மாணவர் ஆரி நேமன், எதிர்ப்பைத் திரட்டினார். சில வாரங்களுக்குள் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. 2010-இல் அமெரிக்காவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் கவுன்சிலில் அவர் உறுப்பினரானார்.