பாலக்காட்டு உஷ்ணமும் மூணாற்று உறைபனியும்

வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் என்று செல்லும் பிரதேசத்திலும், போடிமெட்டு ஏறினால் உடும்பன்சோலை, தேவிகுளம் என்று விரியும் மலைநாட்டிலும், தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவதைப் போலவே, சீதோஷ்ணத்தைப் பற்றிய வதந்திகளும் இரு பாஷைகளிலும் கைபேசி வழியே தங்கு தடையின்றி உலவுகின்றன. கோடையில் பாலக்காடு எரிந்து சாம்பலாகப் போகிறது என்பது ஒரு வதந்தி. தையில் மூணாறு உறைகிறதே, பூமி சூடாகிறது என்பதெல்லாம் வெறும் கட்டுக்கதை என்பது மற்றொன்று.

கேரளத்தில் உஷ்ணம் 54 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று 2023 மார்ச்சில் எழுந்த செய்தியை இன்னும் மெய்யென்று கொள்வோர் உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அப்போது வெளியிட்ட ஒரு வரைபடம். ஆனால் அதில் குறிக்கப்பட்டிருந்தது காற்றின் உஷ்ணமன்று, உஷ்ணத்தோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணித்து, மனித தேகம் உணரும் வெப்பம் இவ்வளவு என்று மதிப்பிடும் வெப்பக் குறியீடு. அந்த 54-ம் திருவனந்தபுரத்தின் தென்கோடி, ஆலப்புழை, கண்ணூர் முதலிய பகுதிகளுக்கே காட்டப்பட்டது. ஈரக்காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராத தேகம் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வகையின்றித் தவிக்கும். ஆகவேதான் கடலோரத்தில் 35 டிகிரியே தாங்கவொண்ணாத புழுக்கமாகிவிடுகிறது. பாலக்காட்டு வெயிலின் சுபாவம் வேறு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாயின் வழியே கோயம்புத்தூர்ப் பக்கத்து வறண்ட காற்று உள்ளே புகுவதால், இங்கே உஷ்ணமானியின் எண்ணே உயரும். 2016 ஏப்ரலில் மலம்புழையில் பதிவான 41.9 டிகிரி, கேரளத்தின் பதிவேடுகளில் உச்சமாக எண்ணப்படுவது. தேகத்தை வருத்த அந்த எண்ணே போதுமானது என்பதை நடுப்பகலில் வரப்பில் நின்றவர்கள் அறிவார்கள்.

காரின் கண்ணாடிக்குப் பின்னே 48 என்று ஒளிரும் எண்ணைப் படம் பிடித்து அனுப்புகிறவர்களுக்கு, வானிலை நிலையத்தில் உஷ்ணமானி வைக்கப்பட்டிருக்கும் விதத்தை ஒருமுறை காட்ட வேண்டும். வெண்ணிறம் பூசி, நாற்புறமும் காற்று நுழையும்படி சரிவுப் பலகைகள் பதித்து, கதவு வடக்கு நோக்கியிருக்க, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் நிறுத்தப்பட்ட மரக்கூண்டு அது. வெயில் நேரே படாத நிழலில், தரையின் சூடு தீண்டாத உயரத்தில், காற்றின் உஷ்ணத்தை மாத்திரம் அளப்பதே அதன் நோக்கம். தார் ரோட்டின் மேல் வெயிலில் நின்ற கார் தன் சூட்டைச் சொல்லுமேயன்றி ஊரின் சூட்டைச் சொல்லாது.

ஆடி மாதத்துக் குளிருக்குக் காரணம் பூமி சூரியனை விட்டு வெகுதூரம் விலகிச் செல்வதே என்றொரு செய்தியும் வருஷந்தோறும் வருகிறது. விலகுவது மெய்தான்: ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர், ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பங்கு மாத்திரமே. ஜூலையின் குளிர்ச்சி தென்மேற்குப் பருவமழையும் அதன் மேகங்களும் தருவது. தூரமே குளிருக்குக் காரணமானால், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியிலல்லவா மூணாறு வெந்து போக வேண்டும்? அந்த மாதத்தில்தான் அங்கே புல் உறைகிறது.

அவ்வுறைவைப் பற்றியும் இரண்டு பிழைகள் உண்டு. அது வானத்திலிருந்து விழும் பனிமழையன்று; செண்டுவாரைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் புல்லும் தேயிலையும் வெண்மை பூத்து நிற்பது உறைபனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மேகமற்ற, காற்று அசையாத இரவில், நிலம் தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு இழந்துவிட, நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. ஆகையால் நான்கடி உயரத்துக் கூண்டில் உஷ்ணம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போதே தரையில் புல் உறைந்துவிடக்கூடும். சுற்றுலா வந்தவர்கள் அதைக் கண்டு மகிழலாம். வெயில் ஏறியதும் பழுப்பேறிக் கருகும் கொழுந்தைப் பார்க்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது நஷ்டம். பூமி சூடாகவில்லை என்பதற்கு இதைச் சாட்சியாக அழைப்பது இரண்டாவது பிழை. தெளிந்த வானமுள்ள ஓரிரவின் குளிர் அவ்விரவின் கதை. பூமியின் உஷ்ணம் என்பது ஆயிரக்கணக்கான இடங்களில், பல வருஷங்களுக்குத் தொடர்ந்து எடுத்த அளவுகளின் சராசரி. அந்தச் சராசரி 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், 1850-1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்திருக்கிறது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை உயர்ந்தது 0.7 டிகிரியளவு.

முக்கால் டிகிரிதானே என்று இதை அலட்சியம் செய்வதும் தவறு. 54 என்று பெருக்கிச் சொல்வதைப் போலவே இதுவும் ஜனங்களை ஏமாற்றும். மழையைப் பற்றியும் மிகைப்பேச்சு உண்டு: 2018-இல் இடுக்கியை வதைத்த மழையைப் போன்று முன்பு பெய்ததே இல்லை என்பார்கள். 1924-இல் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே அழித்துவிட்ட வெள்ளம் மூணாற்றுக்காரர்களுக்கு மறந்துவிடவில்லை. ஆயினும் ஒவ்வொரு டிகிரி உஷ்ணத்துக்கும் காற்று ஏறத்தாழ ஏழு சதவிகிதம் அதிகமான நீராவியைத் தாங்கவல்லதாகிறது என்பது பௌதிக நியதி. ஆகையால் பழைய பெருமழை திரும்பும்போது அதிக கனத்துடன் திரும்ப இடமுண்டு. 2024 கோடையில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலச்செடிகள் தோட்டந்தோட்டமாகக் காய்ந்ததும், அவ்வருஷ ஏப்ரலின் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் மிகைப்படுத்தத் தேவையில்லாத சம்பவங்கள்.

பொய்யான எண்கள் நாள்தோறும் வந்து காது புளித்துப்போனவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளிலும் வெயிலில் இறங்கிவிடுவார் என்பதே என் கவலை. கடுங்கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலையை நிறுத்திவைக்கும்படி கேரளத் தொழிலாளர் துறை ஆணையிடுவது வழக்கம். தம் சொந்த வயலில் இறங்கும் கொழிஞ்சாம்பாறை விவசாயிக்கு அப்படி ஆணையிட யாருமில்லை. அவர் அன்று காலையில் பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையம் தம் ஜில்லாவுக்கு வெப்ப எச்சரிக்கையில் மஞ்சள் நிறம் காட்டியிருக்கிறதா, ஆரஞ்சு நிறம் காட்டியிருக்கிறதா என்பதைத்தான். ஆரஞ்சு என்றால் அந்த மூன்று மணி நேரமும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.