கோப்பு அனுமதிகளும் சிறப்புரிமை உயர்வும்

பல பயனர்கள் பயன்படுத்தும் கணினியில் எவர் எதைச் செய்யலாம் என்பதைப் பணிசெயல் முறைமை கட்டுப்படுத்துகின்றது. லினக்ஸ், யுனிக்ஸ் முறைமைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் ஆகிய மூன்று வகுப்பினருக்கும் தனித்தனியே அனுமதி வழங்கப்படும்.

அனுமதிகளின் பெறுமானங்கள்

வாசித்தல் – 4
எழுதுதல் – 2
நிறைவேற்றல் – 1

உதாரணம்: ஒரு கோப்பின் அனுமதி 755 எனின்,
உரிமையாளர்: 4 + 2 + 1 = 7 (மூன்றும் உண்டு)
குழு: 4 + 1 = 5 (எழுத முடியாது)
ஏனையோர்: 4 + 1 = 5 (எழுத முடியாது)

அனுமதி 777 எனின் எவரும் அக்கோப்பை மாற்றலாம்.

சிறப்புரிமை உயர்வு என்றால் என்ன?

பயனர் ஒருவர் தமக்கு வழங்கப்படாத கூடிய உரிமையைப் பெற்றுக்கொள்ளல் சிறப்புரிமை உயர்வு எனப்படும். லினக்ஸில் எல்லா உரிமைகளும் உடைய நிருவாகிக் கணக்கு ‘ரூட்’ ஆகும்.

இது எவ்வாறு நிகழ்கின்றது?

ஒரு பாடசாலையின் கணினியில் தினமும் இரவு 10 மணிக்குப் புள்ளிக் கோப்புகளைப் பிரதிசெய்யும் கட்டளைக் கோப்பொன்று தானாக இயங்குகின்றது எனக் கொள்வோம். அது ரூட்டின் உரிமையுடன் இயங்குகின்றது. ஒருநாள் அது திறபடவில்லை என்பதற்காக ஒருவர் அவசரத்தில் அதன் அனுமதியை 777 என மாற்றிவிடுகின்றார்.

இப்போது சாதாரண கணக்குள்ள ஒருவர் அக்கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் பகலில் எதுவும் நிகழாது. இரவு 10 மணிக்கு அவ்வரியும் ரூட்டின் உரிமையுடன் நிறைவேறும். எல்லோருடைய புள்ளிகளையும் மாற்றவோ, அக்கணக்கையே நிருவாகிக் கணக்காக்கவோ அவ்வொரு வரி போதும். எவருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை என்பதைக் கவனிக்க.

நினைவிற் கொள்க: கட்டளை, அதனை எழுதியவரின் உரிமையுடன் அன்றி, நிறைவேற்றும் கணக்கின் உரிமையுடனேயே இயங்கும்.

மாணவர் தவறவிடும் இடம்

கோப்பின் அனுமதி 755 ஆக இருந்தாலும், அது உள்ள கோப்புறையின் அனுமதி 777 எனின் ஆபத்து நீங்காது. கோப்பொன்றை நீக்குவதும் பெயர் மாற்றுவதும் கோப்புறையின் எழுதும் அனுமதியைப் பொறுத்தவை. எனவே ஒருவர் அக்கோப்பை நீக்கி, அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம்.

வேறுபடுத்தி அறிக

2016 இல் வெளிப்படுத்தப்பட்ட ‘டேர்ட்டி கவ்’ என்னும் வழு லினக்ஸின் மையப்பகுதியில் இருந்தது. அதனால், அனுமதிகள் சரியாக இருந்தும் வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புகளை மாற்ற முடிந்தது. தவறான அனுமதியை நிருவாகி திருத்தலாம். இத்தகைய வழுவுக்கு முறைமையை இற்றைப்படுத்த வேண்டும்.

தடுக்கும் வழிகள்

1. தேவையான குறைந்தபட்ச உரிமையை மட்டும் வழங்கல்.
2. ரூட் இயக்கும் கோப்புகளையும் அவற்றின் கோப்புறைகளையும் ஏனையோர் எழுத முடியாதவாறு வைத்தல்.
3. சிக்கலைத் தீர்க்க 777 வழங்காது, காரணத்தைக் கண்டறிதல்.
4. ஏனையோர் எழுதக்கூடிய கோப்புகளை இடையிடையே தேடிச் சரிபார்த்தல்.

இலங்கையில் அதிகாரமின்றிக் கணினியினுள் நுழைதல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். இத்தகைய குறைபாட்டைக் கண்டால் பொறுப்பான ஆசிரியருக்கு அறிவிக்க வேண்டும்.

மாதிரி வினா

ரூட் மட்டும் பயன்படுத்தி இயக்கும் கட்டளைக் கோப்பொன்றின் அனுமதி 757 ஆகும்.
(அ) இதிலுள்ள குறைபாடு யாது?
(ஆ) பொருத்தமான அனுமதியைக் காரணத்துடன் தருக.

விடை

(அ) ஏனையோருக்கு 7 வழங்கப்பட்டுள்ளது. அதில் எழுதுதல் (2) அடங்குவதால், எவரும் ரூட்டின் உரிமையுடன் நிறைவேறும் கட்டளையைச் சேர்க்கலாம்.
(ஆ) 700. உரிமையாளரான ரூட்டைத் தவிர வேறெவருக்கும் இக்கோப்புத் தேவையில்லை.