பழைய மோட்டார் வண்டியும் அதன் பெற்றோல் வழியும்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிற் பாட்டனார் வாங்கிய மோட்டார் வண்டியைப் பேரன் இன்றும் ஓட்டி வருதல் கண்கூடு. 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 டெவன், 1952 இல் அதனைத் தொடர்ந்த சோமசெற், 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ஆகியவை இத்தகையன. இவற்றின் உடலுக்கு மெருகூட்டுவதிலும் இருக்கைகளைப் புதுப்பிப்பதிலும் உரிமையாளர் காட்டும் ஊக்கம் போற்றத்தக்கதே. ஆயின், வண்டியின் அடியிலே கண்ணிற் படாது தாங்கியிலிருந்து எஞ்சின்வரை ஓடும் பெற்றோற் குழாயை நினைப்போர் சிலரே. மெருகு குன்றினால் அழகு குன்றும். குழாய் கெட்டாலோ வண்டியும், சில வேளை அதனுள் இருப்போரும் எரிய நேரிடும். ஆதலின் அவ்வழியைச் சோதித்துப் பேணும் முறையை, மொறிஸ் மைனரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு ஒழுங்குபடக் கூறுவாம்.

பெற்றோலின் இயல்பு

எதனைக் கையாளுகின்றோம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செந்திகிரேட்டு வெப்பத்தை அடைந்த பின்னரே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். பெற்றோலோ சுழிக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியை விடும். அவ்வாவி வளியிலும் பன்மடங்கு பாரமானது. ஆதலின் மேலெழுந்து கலைந்துவிடாது, நிலத்தோடு படர்ந்து பள்ளங்களிலே தங்கும். வளியில் நூற்றுக்கு 1½ பங்கு முதல் 7½ பங்கு வரை அது கலந்திருப்பின் ஒரு சிறு பொறியே போதும். நிறைந்த தாங்கியிலும் வெறுந்தாங்கி ஆபத்து மிக்கது என்பதற்கும் இதுவே காரணம். நிறைந்த தாங்கியில் வளிக்கு இடமில்லை. வெறுந்தாங்கியில் ஆவியும் வளியும் கலந்து நிற்கும். ஆகையால், ஊற்றிக் காலியாக்கிவிட்டோம் என்ற துணிவில் எவரும் பழைய தாங்கிக்கு ஒட்டுவேலை செய்ய நெருப்பைக் கொண்டு செல்லலாகாது.

வழியின் இரு பகுதிகள்

மைனரின் தாங்கி பின்புறத்திலே, சாமான் அறையின் கீழ் உள்ளது. மின்னால் இயங்கும் எஸ்.யூ. பம்பியோ முன்புறத்திலே, எஞ்சின் அறையின் பின்சுவரிற் பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே தாங்கி முதற் பம்பி வரையுள்ள நீண்ட குழாய் உறிஞ்சும் பகுதி. பம்பி முதற் காபுரேற்றர் வரையுள்ள குறுகிய குழாய் தள்ளும் பகுதி. ஒஸ்ரின் ஏ-40 இல் எஞ்சினே இயக்கும் பம்பி உண்டு. எனினும் இப்பாகுபாடு அதற்கும் பொருந்தும்.

இவ்வேறுபாட்டை அறியாதார் பழுதைக் கண்டுபிடித்தல் அரிது. தள்ளும் பகுதியில் துளை விழின் பெற்றோல் வெளியே சிந்தும். கண்ணும் மூக்கும் அதனை அறியும். உறிஞ்சும் பகுதியில் நிகழ்வது வேறு. கல்லூரி ஆய்கூடத்தில் வளியமுக்கம் பற்றி நாம் கற்ற பாடத்தை இங்கே நினைவு கூர்க. குழாயின் உள்ளே அமுக்கம் குறைவு, வெளியே மிகுதி. ஆதலின் எஞ்சின் ஓடுகையில் பெற்றோல் வெளிவராது, வளியே உட்புகும். நிலத்தில் ஒரு துளியும் விழாது. ஆனால் வண்டி ஏற்றத்திலும் விரைவிலும் பெற்றோல் போதாது திணறும். உரிமையாளர் காபுரேற்றரைக் கழற்றுவார், பிளக்குகளை மாற்றுவார். பழுதோ வண்டியின் நடுவயிற்றில் இருக்கும். வண்டி நிற்கும்போது தாழ்ந்த இடத்துத் துளையில் மெல்லிய கசிவு தோன்றுதலும் உண்டு. அது நிலத்தை அடையுமுன் ஆவியாகி, குழாயின்மேல் ஒரு கறையை மட்டும் விட்டுச்செல்லும். அக்கறையைத் தேடுதலே சோதனையின் பாதி.

சோதனைக்கு முன்

எஞ்சின் நன்றாக ஆறியிருத்தல் வேண்டும். வேலை திறந்த வெளியில் நடைபெறுக. கராச்சுப் பள்ளத்திலே இறங்குதல் ஆகாது. விளக்கு, சுருட்டு, அடுப்பு யாவும் தொலைவில் இருக்கட்டும். பார்ப்பதற்கு ரோச் லைற்றே தகும். பற்றரியில் வண்டியுடலோடு இணையும் கம்பியைக் கழற்றுக. அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் உடலோடு இணைவது நேர்முனை என்பதை மறவற்க. உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நன்று. எரியும் பெற்றோலின்மேல் நீர் ஊற்றினால் அது மிதந்து பரவும். வண்டியை யக்கில் மட்டும் நிறுத்தி அடியிற் புகாது, உறுதியான தாங்கு கட்டைகளின்மேல் நிறுத்துக.

சோதிக்கும் ஒழுங்கு

முதலாவது, தாங்கி. அதன் விளிம்புப் பொருத்தையும் வடிகால் ஆணியையும் துணியால் துடைத்துப் பார்க்க. பாதி காலியான தாங்கி பல நாள் நிற்பின், வளியிலுள்ள ஈரம் உள்ளே நீராகி அடியிற் படியும். கறல் அங்கேதான் தொடங்கும். பெற்றோல் ஊற்றும் கழுத்தையும் தாங்கியையும் இணைக்கும் றப்பர் வெடித்திருப்பின், நிறைய ஊற்றும் நாளிலே அது சிந்தும்.

இரண்டாவது, உலோகக் குழாய். கறல் பெரும்பாலும் வெளிப்படையான இடத்தில் அன்றி, குழாயை வண்டியுடலோடு பிடித்திருக்கும் பற்றிகளின் கீழே, சேறும் உப்பீரமும் தங்கும் இடத்திலே குடிகொள்ளும். ஆதலின் ஒவ்வொரு பற்றியையும் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். மேற்கறலைத் தேய்த்தபின் குழியின்றி இருப்பின் குழாயை வைத்துக்கொள்ளலாம். குழி விழுந்திருப்பின் முழுக் குழாயையும் மாற்றுதலே முறை. நடுவில் வெட்டி றப்பர் துண்டால் ஒட்டுப்போடுதல் ஒரு பழுதை இரண்டு ஆக்குதலாம். செப்புக் குழாய் கறல் பிடியாது எனச் சிலர் விரும்புவர். ஆயின் ஓயாத அதிர்வினால் செம்பு இறுகி வெடிக்கும். பெற்றோல் பிசினாக மாறுதலையும் அது விரைவுபடுத்தும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் இவ்விரண்டிலும் மேலானது. எக்குழாயாயினும் புகைக்குழாயை நெருங்காது செல்லல் வேண்டும். நெருங்கின் எமது வெயிலிலே பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினை நிறுத்திவிடும்.

மூன்றாவது, றப்பர்க் குழாய். வழி முழுவதிலும் மிக மெலிந்தது இதுவே. கையால் வளைத்துப் பார்க்க: வெடிப்புத் தோன்றினாலும், மரம்போல் இறுகியிருந்தாலும், ஊதியோ பிசுபிசுத்தோ இருந்தாலும் கழற்றி எறிக. மேலே கம்பி பின்னப்பட்ட குழாய் அழகியது; ஆனால் அப்பின்னல் உள்ளிருக்கும் றப்பரின் முதுமையை மறைக்கும். வெளியே நன்றாயிருந்தும் உட்தோல் உரிந்து கதவுபோல் வழியை அடைத்தலும் உண்டு. பெற்றோலுக்கெனச் செய்யப்பட்ட குழாயையே வாங்குக. ஜே30 ஆர்9 என்னும் குறி பொறிக்கப்பட்டது சிறந்தது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிபோன்ற பிளாத்திக்குக் குழாய் சில மாதங்களில் இறுகி நழுவிவிடும். பிரித்தானியாவில் வாழும் எம் பழைய மாணவர் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2021 செத்தெம்பர் முதல் அந்நாட்டுச் சாதாரண பெற்றோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எதனோல் சேர்க்கப்படுகின்றது. பழைய றப்பரை அது அரித்துவிடும்.

நான்காவது, பம்பி. எஸ்.யூ. பம்பியின் 'ரிக், ரிக்' என்னும் ஒலியே நல்ல மருத்துவன். பற்றரியை மீண்டும் இணைத்து, எஞ்சினை எழுப்பாது சாவியை மட்டும் திருப்புக. மிதவை அறை நிறைந்ததும் ஒலி நிற்றல் வேண்டும். நில்லாது விரைவாக ஒலிப்பின், தாங்கி வெறுமை அல்லது உறிஞ்சும் பகுதியில் வளி புகுகின்றது. இடைவிட்டு மெல்ல ஒலித்துக்கொண்டே இருப்பின், தள்ளும் பகுதியிற் கசிவு, மிதவை ஊசியிற் பழுது, அல்லது பம்பியின் வால்வுகளிற் குறை எனக் கொள்க. ஐயந்தீர ஒரு வழி உண்டு. காபுரேற்றர்ப் பக்கக் குழாயைக் கழற்றி, அதன் முனையைக் கண்ணாடிப் போத்தலிலுள்ள பெற்றோலில் அமிழ்த்திப் பம்பியை ஓடவிடுக. முதலில் வரும் குமிழிகள் அடங்காது தொடர்ந்து வரின் வளி புகுதல் உறுதி. ஒஸ்ரினில் எஞ்சின் எண்ணெயை முகர்ந்து பார்த்தல் வேண்டும். பம்பியின் மென்றகடு கிழிந்திருப்பின் பெற்றோல் எண்ணெயோடு கலந்து மணக்கும். எண்ணெய் மட்டமும் உயர்ந்து காணும்.

ஐந்தாவது, காபுரேற்றர். மைனரில் காபுரேற்றரும் கொதிக்கும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் உள்ளன. ஊசியில் ஒரு மணல் சிக்கினும் மிதவை அறை நிரம்பி வழியும். வழிந்ததைத் தூரக் கொண்டுசெல்லும் சிறு குழாய் உரிய இடத்தில் உளதா எனப் பார்க்க. வண்டிகள் தீப்பிடித்தல் பெரும்பாலும் ஓட்டத்தில் அன்றோ என எண்ணற்க. நிறுத்திய சில நிமிடத்திலும் அது நிகழக்கூடும்.

மண்ணெண்ணெய்க் காலத்து எச்சம்

எம் நாட்டு வண்டிகளுக்கென ஒரு குறிப்புக் கூறுதல் கடன். 1990 இல் வடபகுதிக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டபின், சில ஆண்டுகள் இங்குள்ள வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலிலிருந்து சிறிது பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் மருத்துவமனை சேர்த்த அவ்வறிவு மதிக்கத்தக்கது. எனினும் அக்காலத்து மேலதிக இணைப்புகளும் ஒட்டுக்களும் இன்னும் எஞ்சியிருப்பின், அவற்றை நீக்கி வழியைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவருக. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் நெடுநாள் நின்ற வண்டிகளில், பழைய பெற்றோல் பிசினாகிப் படிந்திருத்தல் கூடும். தாங்கியையும் வடிகளையும் கழுவாது புதுப் பெற்றோல் ஊற்றின், அப்பிசின் கரைந்து காபுரேற்றரை அடையும்.

முடிவாக

வேலை நிறைவெய்தியபின் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க. மறுநாட் காலையிலும் அவ்வாறே செய்க. மாதத்துக்கு ஒருமுறை றப்பர்களை நோக்குக. ஆண்டுக்கு ஒருமுறை வழி முழுவதையும் சோதிக்க. றப்பர்க் குழாய் எவ்வளவு நன்றாகத் தோன்றினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் தக்கது என்பது எமது துணிபு. மாற்றிய நாளை ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. வண்டி கைமாறும்போது அக்கொப்பியும் உடன் செல்லட்டும்.

பெற்றோல் மணம் பழைய வண்டிகளுக்கு இயல்பென்று கூறுவோர் உளர். அஃது இயல்பன்று, எங்கோ ஒரு பொருத்து விட்டுப்போயிற்று என்னும் அறிவிப்பாகும். மணம் வந்த அன்றே வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடுவோமாயின், பாட்டனார் விட்டுச்சென்ற வண்டியைப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அச்சமின்றி ஓட்டலாம்.