சாயம் கெட்டி என்றால் எதற்குக் கெட்டி?

நம்பிக்கை: துவைத்துச் சாயம் போகாத துணி பிளீச்சையும் தாங்கும்.

சாயம் இறங்குவது வேறு, வெளுப்பது வேறு. துவைக்கும்போது இழையில் சரியாகப் பிடிக்காத சாயம் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. வாளித் தண்ணீர் நிறம் மாறும், கூடக் கிடக்கும் துணியிலும் ஏறும். பிளீச்சில் சாயம் இழையை விட்டு வெளியேறுவதில்லை. இருந்த இடத்திலேயே அதன் மூலக்கூறில் நிறம் தரும் பகுதியை பிளீச்சிலுள்ள ஹைப்போகுளோரைட் ஆக்சிஜனேற்றி உடைக்கிறது. தண்ணீர் தெளிவாகவே இருக்க, துணியில் திட்டு விழுகிறது.

திருப்பூர்ப் பருத்திப் பின்னலாடைகளுக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்கள் இதற்கு நல்ல சான்று. 1956இல் ஐசிஐ நிறுவனம் ‘புரோசியான்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகை, பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் துவைப்புக்கு நன்றாக நிற்கிறது. ஆனால் இவற்றில் பல, குளோரின் பட்டால் வெளுத்துவிடும். துவைப்பு, வெயில், வியர்வை, உரசல், பிளீச் என ஒவ்வொன்றுக்கும் ஆய்வகங்கள் தனித்தனிச் சோதனை வைத்திருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: பிளீச் பட்டு நிறம் போனால் அது மட்டமான சாயம்.

இந்தப் பழி பல நேரம் நியாயமற்றது. 1901இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ரெனே போன் கண்டுபிடித்த இண்டாந்த்ரோன் நீலம், வெயிலுக்கும் துவைப்புக்கும் அசையாத வாட் சாயம். இருந்தும் ஹைப்போகுளோரைட் பட்டால் அந்த நீலம் பச்சை கலந்து மங்கும். மூலக்கூறு முழுதாகச் சிதையாததால், ஹைட்ரோசல்பைட் போன்ற ஒடுக்கிகளால் அதைப் பெருமளவு மீட்கவும் முடியும். குளோரின் அணுக்களைச் சேர்த்துச் செய்த மாற்று வடிவமான வாட் புளூ 6 பிளீச்சை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. ஒரே குடும்பத்துச் சாயங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, நிறம் போனதை மட்டும் வைத்துச் சாயத்தின் தரத்தைத் தீர்மானிப்பது தவறு. இழையும் கணக்கில் வரும். பாலியெஸ்டர் இழை தண்ணீரை அதிகம் உள்ளே விடாது; எனவே உள்ளிருக்கும் டிஸ்பர்ஸ் சாயம் பெரும்பாலும் தப்பிக்கிறது. பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த சீருடையில் பருத்தி மட்டும் வெளுத்து, திட்டு அரைகுறை நிறத்தில் நிற்பது இப்படித்தான்.

நம்பிக்கை: ஒரு சொட்டு பிளீச் விட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை.

ஐஎஸ்ஓ 105-என்01 சோதனையில் கரைசலின் வீரியம் லிட்டருக்கு 2 கிராம் குளோரின், காரத்தன்மை பிஎச் 11, வெப்பம் 20 டிகிரி செல்சியஸ், நேரம் 1 மணி. பிறகு துணியை அலசி, மிஞ்சிய குளோரினை பெராக்சைடு அல்லது பைசல்பைட் கரைசலில் நீக்கி, உலர்த்தி மதிப்பிடுகிறார்கள். புட்டியிலுள்ள பிளீச்சில் குளோரின் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீர் கலக்காத ஒரு சொட்டு இந்தச் சோதனைக் கரைசலைப் போல 20 மடங்கு வீரியம் கொண்டது. அந்தச் சொட்டில் தோற்ற துணி, முறையாக நீர்த்த கரைசலில் தேறக்கூடும்.

மதிப்பெண் தருவது சாம்பல் அளவுகோலை வைத்து. 5 என்றால் மாற்றமில்லை, 1 என்றால் மிகப் பெரிய மாற்றம். 4 வாங்கிய துணி 80 சதவீத நிறத்தைக் காத்தது என்று படிப்பது பிழை. 4இல் நிற வேறுபாடு 1.7 அலகு, 3இல் 3.4, 2இல் 6.8, 1இல் 13.6. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வேறுபாடு இரட்டிக்கிறது.

நம்பிக்கை: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதால்தான் சீருடை வெளுத்தது.

ஒரகடம், வடக்குப்பட்டு, வல்லம் வடகால் போன்ற தொழிற்சாலை வட்டாரங்களில் சீருடை அன்றாட உடை. ஆகவே இது சின்ன விஷயமல்ல. குடிநீரில் மிஞ்சியிருக்க வேண்டிய குளோரினுக்கு இந்தியத் தரநிலை வைத்த குறைந்தபட்ச அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். பிளீச் சோதனைக் கரைசலில் இருப்பது இதைப் போல 10,000 மடங்கு. குடிநீர் அளவுக்கு மட்டும் குளோரின் உள்ள தண்ணீர் ஒரு துவைப்பில் கண்ணுக்குத் தெரியும்படி வெளுக்காது. பவுடரை அதிகமாகக் கொட்டிக் கழுவிய தொட்டியை அலசாமல் நிரப்பினால் மட்டும் கதை வேறு. துணி முழுக்கச் சீராக மங்கியிருந்தால், வெயிலில் காயப்போட்டதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம்பிக்கை: உப்பும் வினிகரும் ஊறவைத்தால் நிறம் கட்டும்.

சாயப்பட்டறையில் உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைக்குத் தள்ளுகிறது. பிணைப்பை முடிப்பது சோடா. கடையில் வாங்கிய துணியில் அந்த வேலை முடிந்துவிட்டது, உப்பால் ஆவது ஒன்றுமில்லை. வினிகர் ஆபத்தானது. பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்குழலைத் தாக்கும்.

நம்பிக்கை: நிறைய தண்ணீர் கலந்தால் பட்டுப்புடவைக் கறைக்கும் பிளீச் போடலாம்.

கூடவே கூடாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். ஹைப்போகுளோரைட் அவற்றைக் கரைக்கும். கலப்புத் துணியில் புரத இழையின் பங்கை அளக்க ஐஎஸ்ஓ 1833-4 பயன்படுத்துவது இதே கரைசலைத்தான். நீர்த்தாலும் பட்டு மஞ்சளித்து வலுவிழக்கும், ஜரிகையின் வெள்ளி கறுக்கும். பராமரிப்புச் சீட்டில் முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் எந்த பிளீச்சும் வேண்டாம். உள்ளே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் பிளீச் மட்டும். வெற்று முக்கோணம் குளோரினையும் அனுமதிக்கிறது.